லினியேஜ் ஓஎஸ் நிறுவுதல்: ஒன்பிளஸ் 6 கைபேசியை முன்வைத்து முழுமையான வழிகாட்டி

கைபேசியில் தயாரிப்பாளர் தந்த இயங்குதளத்தை நீக்கிவிட்டு, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் ஓஎஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவுவதற்குத் தேவைப்படும் கட்டளைகள் பத்துக்கும் குறைவானவை. ஆனாலும் முதன்முறை செய்பவர்களில் பலர் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். அருகிலிருந்து பார்த்தவரையில் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஐந்தாவது படியில் தோன்றும் பிழை, இரண்டாவது படியில் விட்டுப்போன ஏதோ ஒன்றின் விளைவாக இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஒவ்வொரு படியையும் ஏன் அந்த இடத்தில் செய்ய வேண்டும் என்பதற்கே அதிக இடம் தருகிறது.

எடுத்துக்காட்டாக ஒன்பிளஸ் 6 கைபேசியை எடுத்துக்கொண்டுள்ளேன். 2018இல் வெளிவந்த இக்கைபேசிக்கு நிறுவனம் ஆண்ட்ராய்டு 11 வரை மட்டுமே அதிகாரபூர்வப் புதுப்பிப்பு தந்தது. பூட்லோடரைத் (கைபேசி தொடங்கும்போது முதலில் இயங்கி, இயங்குதளத்தை ஏற்றும் மென்பொருளை) திறக்க நிறுவனத்திடம் குறியீடு கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால் கற்றுக்கொள்ளவும் ஏற்றது. பிற கைபேசிகளில் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். தட்டச்சிடும்போது, லினியேஜ் திட்டத்தின் விக்கியில் உங்கள் கைபேசிக்கென உள்ள பக்கத்திலிருந்து ஆங்கில வடிவத்தை நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பானது. ஓர் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ கட்டளை வேறு பொருள் கொள்ளும்.

1. கைபேசியின் சரியான அடையாளத்தை உறுதிசெய்தல்

கடையில் வழங்கும் பெயர் இவ்வேலைக்குப் போதாது. ஒவ்வொரு கைபேசிக்கும் உருவாக்குநர்கள் பயன்படுத்தும் உட்பெயர் ஒன்று உண்டு. ஒன்பிளஸ் 6இன் உட்பெயர் என்சிலாடா. 6டியின் உட்பெயர் ஃபஹீட்டா. போகோ எஃப்1இன் உட்பெயர் பெரிலியம். ரெட்மி நோட் 7 ப்ரோவின் உட்பெயர் வயலட். நீங்கள் பதிவிறக்கும் கோப்பின் பெயரில் இந்த உட்பெயர்தான் இருக்கும்.

ரெட்மி வரிசையில் இது குறிப்பாக முக்கியம். நோட் 7, நோட் 7 ப்ரோ, நோட் 7எஸ் ஆகியவை ஒரே குடும்பமாகத் தோன்றினாலும், ப்ரோவின் சிப்செட் மற்ற இரண்டிலிருந்தும் வேறானது. அமைப்புகளில் ‘அபௌட் ஃபோன்’ பகுதியில் உள்ள மாடல் எண்ணை, விக்கியில் அக்கைபேசிக்குத் தரப்பட்டுள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் அங்கே இல்லையெனில் அந்தக் கோப்பு உங்களுக்குரியது அன்று.

பூட்லோடரைத் திறக்க நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஹுவாவே 2018இல் திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. ஷாவ்மி, போகோ, ரெட்மி கைபேசிகளில் மி கணக்கைக் கைபேசியோடு இணைத்து, விண்டோஸ் கணினியில் அந்நிறுவனத்தின் திறப்பு மென்பொருளை இயக்க வேண்டும். பெரும்பாலும் அது சில நாள் காத்திருக்கச் சொல்லும். மோட்டோரோலாவில் கைபேசி தரும் நீண்ட எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் மின்னஞ்சலில் குறியீடு வரும், ஆனால் எல்லா மாடல்களுக்கும் வராது. சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் (பூட்லோடரோடு கணினி பேசும் வழி) என்பதே இல்லை. முறை முற்றிலும் வேறு. அதோடு, அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஏற்றியதும் நாக்ஸ் என்னும் சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்புக்கான மின்னுருகி நிரந்தரமாக எரிந்துவிடும். பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றினாலும் அது திரும்பாது.

2. எவை இயங்காமல் போகலாம் என்பதை முன்கூட்டியே அறிதல்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்பவர்கள்தான் எல்லாம் முடிந்த பிறகு பழைய இயங்குதளத்துக்குத் திரும்ப வழி கேட்கிறார்கள்.

முதலாவது, வங்கி மற்றும் பணப்பரிமாற்றச் செயலிகள். இவற்றில் பல, கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி வாயிலாகக் கைபேசி மாற்றப்பட்டுள்ளதா எனச் சோதிக்கின்றன. பூட்லோடர் திறந்திருந்தால் அச்சோதனையின் உயர்நிலைகளில் கைபேசி தேறாது. எந்தச் செயலி எந்த நிலையைக் கேட்கும் என்பது அச்செயலியை நடத்தும் நிறுவனத்தின் முடிவு. இன்று இயங்குவது அடுத்த புதுப்பிப்பில் நின்றுபோகலாம். யுபிஐ வழியாகவே அன்றாடச் செலவு முழுவதையும் நடத்துபவர், தம்மிடமுள்ள ஒரே கைபேசியில் இதைச் செய்யாமல் இரண்டாவது கைபேசியில் தொடங்குவது நல்லது. உலாவியில் இயங்கும் வங்கிச் சேவையும், இணையம் இல்லாமலே யுபிஐ பயன்படுத்த உதவும் *99# சேவையும் மாற்றாக இருக்கின்றனவா என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குரல் அழைப்பு. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்புகள் இல்லை. அதன் அழைப்புகள் அனைத்தும் 4ஜி அல்லது 5ஜி வழியே செல்கின்றன. எனவே புதிய இயங்குதளத்தில் வோல்டிஇ (4ஜி வழியான குரல் அழைப்பு) வேலை செய்யவில்லையென்றால், ஜியோ சிம் போட்ட கைபேசியில் இணையம் வரும், அழைப்பு வராது. லினியேஜின் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெறும் கைபேசிகள் அடிப்படை வசதிகளுக்கான தர விதிகளைப் பின்பற்ற வேண்டும். தனிநபர்கள் உருவாக்கி வெளியிடும் பதிப்புகளுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. புதியவர்கள் அதிகாரபூர்வப் பட்டியலுக்குள் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மூன்றாவது, திரைப்படச் செயலிகளின் படத்தரம். பூட்லோடரைத் திறந்ததும் சில கைபேசிகளில் வைட்வைன் (படங்களை நகலெடுக்க விடாமல் காக்கும் அமைப்பு) பாதுகாப்பு எல்1 நிலையிலிருந்து எல்3க்கு இறங்கிவிடும். அப்போது நெட்ஃபிளிக்ஸ் உயர்தெளிவுப் படத்தைத் தராது. கேமராவிலும் தயாரிப்பாளரின் செயலி தரும் சில சிறப்பு வசதிகள் இல்லாமல் போகும்.

3. தரவுகளைக் கைபேசிக்கு வெளியே எடுத்து வைத்தல்

பூட்லோடரைத் திறக்கும் நொடியில் கைபேசியின் உட்சேமிப்பு முழுவதும் அழிக்கப்படும். இது குறைபாடன்று. திருடிய கைபேசியின் பூட்லோடரைத் திறந்து உரியவரின் படங்களைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

எனவே காப்புப்படி கைபேசிக்கு வெளியே இருந்தாக வேண்டும். தொடர்புகளை விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைக் கைபேசியின் பதிவிறக்க அடைவிலேயே விட்டுவிட்டுத் திறப்புக் கட்டளையை இயக்கியவர்கள் பலர். கணினிக்கு நகலெடுத்து, அங்கே திறந்து பார்த்து, பெயர்கள் தெரிகின்றனவா என்று உறுதிசெய்தால்தான் அது காப்புப்படி.

படங்கள், தொடர்புகள், குறுஞ்செய்திகள் ஆகியவை எல்லோருக்கும் நினைவில் இருக்கும். மறக்கப்படுபவை வேறு சில. இருபடிச் சரிபார்ப்புக் குறியீடுகளைத் தரும் செயலியின் உள்ளடக்கத்தைத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். இல்லையெனில் மின்னஞ்சல் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் போகும். வாட்ஸ்அப்பின் காப்புப்படி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் கடவுச்சொல் அல்லது 64 இலக்கக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்களையும் குறித்து வையுங்கள். பின்னர் சிம் வேலை செய்யாதபோது, எண் மாறிவிட்டதா அல்லது அழிந்துவிட்டதா என்று ஒப்பிட அது உதவும்.

இறுதியாக, கைபேசியிலிருந்து கூகுள் கணக்கை நீக்கிவிடுங்கள். கணக்கு நீக்கப்படாமல் அழிக்கப்பட்ட கைபேசி, திருட்டுத் தடுப்புக்காகப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். ஷாவ்மி கைபேசிகளில் மட்டும் மி கணக்கைத் திறப்பு முடியும்வரை நீக்க வேண்டாம். திறப்பு அனுமதி அந்தக் கணக்கோடுதான் இணைந்துள்ளது.

4. கணினியையும் கேபிளையும் தயார்செய்தல்

கைபேசியோடு கணினி பேசுவதற்கு ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்னும் இரு கருவிகள் தேவை. கைபேசி இயங்கிக்கொண்டிருக்கும்போதும் ரெக்கவரியில் (இயங்குதளத்தை நிறுவவும் மீட்கவும் உதவும் தனிச் சிறு மென்பொருளில்) இருக்கும்போதும் ஏடிபி பேசும்; பூட்லோடர் நிலையில் ஃபாஸ்ட்பூட் மட்டுமே பேசும். எந்த நிலையில் எது என்பதைக் குழப்பிக்கொள்வதால்தான் ‘சாதனம் இல்லை’ என்ற பிழையைப் பலர் சந்திக்கிறார்கள்.

இரண்டும் கூகுள் வெளியிடும் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் என்ற ஒரே தொகுப்பில் உள்ளன. டெபியன், உபுண்டு பயன்படுத்துபவர்கள் ஏடிபி, ஃபாஸ்ட்பூட் என்ற பெயர்களிலேயே களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸில் தொகுப்பை விரித்து, அந்த அடைவுக்குள்ளேயே கட்டளைச் சாளரத்தைத் திறக்க வேண்டும். பவர்ஷெல் சாளரமாக இருந்தால், கட்டளைக்கு முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் இட்டால்தான் அதே அடைவிலுள்ள கருவியை அது எடுத்துக்கொள்ளும்.

கைபேசியில் ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தொட்டால் உருவாக்குநர் விருப்பங்கள் தோன்றும். அங்கே ‘ஓஇஎம் அன்லாக்கிங்’, ‘யூஎஸ்பி டீபக்கிங்’ இரண்டையும் இயக்குங்கள். முதலாவது மங்கலாக இருந்து இயக்க முடியாவிட்டால், கைபேசியை இணையத்தோடு இணைத்துவிட்டுப் பாருங்கள். சில கைபேசிகள் நிறுவனத்தின் வழங்கியோடு சரிபார்த்த பிறகே அனுமதிக்கும். வெளிநாட்டில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கெனப் பூட்டி விற்கப்பட்ட கைபேசியாக இருந்தால் அது மங்கலாகவே இருந்துவிடும். அந்தக் கைபேசியோடு மேற்கொண்டு போராடுவதில் பயனில்லை.

இப்போது கேபிளை இணைத்து ‘ஏடிபி டிவைசஸ்’ கட்டளையை இயக்குங்கள். கைபேசித் திரையில் அனுமதி கேட்கும். ஏற்றுக்கொண்ட பிறகு கணினியில் கைபேசியின் எண் தெரிய வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். மின்னேற்றம் மட்டும் செய்யும் கேபிள்கள் ஏராளம் புழங்குகின்றன. பார்வைக்கு வேறுபாடு தெரியாது.

அடுத்து, ‘ஏடிபி ரீபூட் பூட்லோடர்’ கட்டளையால் கைபேசியைப் பூட்லோடர் நிலைக்குக் கொண்டுசென்று, ‘ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்’ கட்டளையையும் சோதியுங்கள். விண்டோஸில் ஏடிபி வேலை செய்தும் ஃபாஸ்ட்பூட் வேலை செய்யாமல் போவது மிகச் சாதாரணம். அதற்கான டிரைவர் தனி. லினக்ஸில் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் யூடெவ் விதிகள் (சாதனத்தை அணுக அனுமதி தரும் லினக்ஸ் அமைப்புகள்) விடுபட்டுள்ளன என்று பொருள். சில கணினிகளில் யூஎஸ்பி 3 துளையில் ஃபாஸ்ட்பூட் நடுவில் நின்றுவிடும். யூஎஸ்பி 2 துளையோ, இடையில் ஒரு யூஎஸ்பி 2 ஹப்போ பயன்படுத்தினால் சரியாகிவிடும்.

இந்தச் சோதனையைத் திறப்புக்கு முன்பே ஏன் செய்ய வேண்டும் என்றால், இந்தக் கட்டத்தில் கைபேசி முழு நலத்தோடு இருக்கிறது. எது தவறினாலும் இழப்பில்லை. இயங்குதளம் பாதி ஏறிய நிலையில் டிரைவர் தேடுவது வேறு வகை அனுபவம்.

5. கோப்புகளைத் திரட்டிச் சரிபார்த்தல்

ஒன்பிளஸ் 6க்கு மூன்று அல்லது நான்கு கோப்புகள் வேண்டும்: லினியேஜின் ஜிப் கோப்பு, அதே நாளில் வெளியான பூட் இமேஜ் (கைபேசியின் பூட் பகுதியில் அப்படியே எழுதப்படும் கோப்பு), விக்கி சுட்டும் காப்பி பார்ட்டிஷன்ஸ் ஜிப் (ஒன்பதாம் படியில் விளக்கம்), கூகுள் சேவைகள் வேண்டுமென்றால் அதற்கான தொகுப்பு.

ரெக்கவரிக்கு எந்த இமேஜ் என்பது கைபேசிக்குக் கைபேசி மாறும். ஒன்பிளஸ் 6இல் ரெக்கவரிக்கெனத் தனிப் பார்ட்டிஷன் (சேமிப்பகத்தின் பிரிவு) கிடையாது. அது பூட் பார்ட்டிஷனுக்குள்ளேயே இருக்கிறது. வேறு கைபேசிகளில் ரெக்கவரி இமேஜ் தனியாக வரும். சிலவற்றில் வெண்டார் பூட், டிடிபிஓ, விபிமெட்டா இமேஜ்களையும் எழுத வேண்டியிருக்கும். ஒரு கைபேசிக்கான காணொளியைப் பார்த்து இன்னொன்றில் செய்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

ஒவ்வொரு கோப்புக்கும் பதிவிறக்கப் பக்கத்தில் எஸ்எச்ஏ256 மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி) தரப்பட்டிருந்தால், லினக்ஸில் ‘எஸ்எச்ஏ256சம்’ கட்டளையாலும், விண்டோஸில் ‘சர்ட்யூட்டில்’ கருவியாலும் உங்கள் கோப்பின் மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். இணைப்பு நடுவில் அறுந்து பாதியாக இறங்கிய ஜிப் கோப்பும் முழுக் கோப்பைப் போலவே அடைவில் காட்சியளிக்கும்.

6. பழைய இயங்குதளத்தை அதன் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவருதல்

எப்படியும் அழிக்கப்போகும் இயங்குதளத்தை ஏன் புதுப்பிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. லினியேஜின் ஜிப், இயங்குதளத்தைக் கொண்டுவருகிறது; ஆனால் மோடம், பூட்லோடர், கைரேகை உணரி போன்றவற்றுக்கான ஃபர்ம்வேரை (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருளை) பல கைபேசிகளில் அது கொண்டுவருவதில்லை. அவற்றைத் தயாரிப்பாளரின் புதுப்பிப்புதான் எழுதும். விக்கிப் பக்கம் ஆண்ட்ராய்டு 11 ஃபர்ம்வேர் வேண்டும் என்று சொல்லியிருக்க, கைபேசி ஆண்ட்ராய்டு 9இல் இருந்தால், நிறுவல் நின்றுபோகலாம். அல்லது நிறுவல் முடிந்தபின் ஒலியோ சிம்மோ வேலை செய்யாமல் இருக்கலாம்.

புதுப்பித்த பிறகு அழைப்பு, கேமரா, கைரேகை, ஜிபிஎஸ் அனைத்தும் பழைய இயங்குதளத்தில் வேலை செய்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். ஏற்கெனவே பழுதான ஒலிவாங்கிக்குப் புதிய இயங்குதளத்தைக் குற்றம் சொல்லிப் பல மணி நேரம் தேடாதிருக்க இது உதவும்.

7. பூட்லோடரைத் திறத்தல்

மின்கலம் பாதிக்கு மேல் இருக்கட்டும். கைபேசியை அணைத்து, ஒலியைக் கூட்டும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஒன்பிளஸ் 6 பூட்லோடர் நிலைக்குச் செல்லும். கேபிளை இணைத்து ‘ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்’ கட்டளையை இயக்குங்கள். பிக்சல் போன்ற கைபேசிகளில் இதற்குப் பதிலாக ‘ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்’ வரும்.

கணினியில் கட்டளை முடிந்ததாகத் தெரிந்தாலும் வேலை முடியவில்லை. கைபேசித் திரையில் எச்சரிக்கை தோன்றும். ஒலிப் பொத்தான்களால் ‘அன்லாக்’ என்பதற்கு நகர்ந்து, பவர் பொத்தானால் உறுதிசெய்ய வேண்டும். கணினியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கைபேசி தன்னை அழித்துக்கொண்டு பழைய இயங்குதளத்தில் மீண்டும் தொடங்கும். இனி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பூட்லோடர் திறந்திருப்பதாக ஓர் எச்சரிக்கை வரும். அது நிரந்தரம், பிழையன்று.

8. லினியேஜ் ரெக்கவரியை எழுதுதல்

மீண்டும் பூட்லோடர் நிலைக்குச் சென்று, ‘ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷ் பூட்’ என்று இட்டு, அதன்பின் பூட் இமேஜின் கோப்புப் பெயரைத் தாருங்கள். கோப்பு இல்லை என்று வந்தால், கட்டளைச் சாளரம் திறந்திருக்கும் அடைவும் கோப்பு இருக்கும் அடைவும் வேறு என்று பொருள்.

எழுதி முடிந்ததும் கைபேசியை வழக்கம்போலத் தொடங்க விடாதீர்கள். பூட்லோடர் பட்டியலிலேயே ஒலிப் பொத்தானால் ‘ரெக்கவரி மோட்’ என்பதைத் தேர்ந்து செல்ல வேண்டும். பழைய இயங்குதளம் ஒருமுறை தொடங்கினால், பல கைபேசிகளில் அது தன் சொந்த ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடும். நீங்கள் எழுதியது காணாமல் போகும். திரையில் லினியேஜின் சின்னம் தெரிந்தால் சரியான ரெக்கவரியில் இருக்கிறீர்கள்.

9. தரவுப் பகுதியை வடிவமைத்தலும் இரு ஸ்லாட்களைச் சமன்செய்தலும்

ரெக்கவரியில் ‘ஃபேக்டரி ரீசெட்’, பின்னர் ‘ஃபார்மட் டேட்டா’ என்று செல்லுங்கள். திறப்பின்போதே எல்லாம் அழிந்துவிட்டதே என்று இதைத் தாண்டுபவர்கள் உண்டு. ஆனால் திறந்தபின் பழைய இயங்குதளம் ஒருமுறை தொடங்கி, தரவுப் பகுதியைத் தன் சாவியால் மறையாக்கம் செய்துவிட்டது. லினியேஜால் அதைப் படிக்க இயலாது. சின்னம் சுழன்றுகொண்டே இருக்கும், முகப்புத் திரை வராது.

அடுத்தது ஸ்லாட் பற்றியது. ஒன்பிளஸ் 6இல் ஏ, பி என்று இரு ஸ்லாட்கள் உள்ளன. முக்கியமான பார்ட்டிஷன்களுக்கு இரண்டிலும் ஒவ்வொரு நகல் இருக்கும். புதுப்பிப்பு எப்போதும் பயன்பாட்டில் இல்லாத ஸ்லாட்டில் எழுதப்பட்டு, பின்னர் கைபேசி அதற்கு மாறும். ஆறாம் படியில் ஒருமுறை மட்டும் புதுப்பித்திருந்தால், ஒரு ஸ்லாட்டில் புதிய ஃபர்ம்வேரும் மற்றதில் பழையதும் இருக்கக்கூடும். லினியேஜும் பயன்பாட்டில் இல்லாத ஸ்லாட்டுக்குத்தான் செல்லும். அதாவது பழைய ஃபர்ம்வேர் இருக்கும் இடத்துக்கு.

காப்பி பார்ட்டிஷன்ஸ் ஜிப் இதைச் சரிசெய்கிறது: நடப்பு ஸ்லாட்டின் ஃபர்ம்வேரை மற்றதற்கு நகலெடுக்கிறது. ரெக்கவரியில் ‘அப்ளை அப்டேட்’, ‘அப்ளை ஃப்ரம் ஏடிபி’ என்று தேர்ந்து, கணினியில் ‘ஏடிபி சைட்லோட்’ என்பதோடு கோப்பின் பெயரைத் தாருங்கள். கையொப்பச் சரிபார்ப்பு தோற்றது என்று கேட்டால் தொடரலாம். இந்தச் சிறு கோப்பு லினியேஜின் சாவியால் கையொப்பமிடப்பட்டதன்று. முடிந்ததும் ‘அட்வான்ஸ்ட்’ பகுதி வழியாக மீண்டும் ரெக்கவரிக்கே செல்லுங்கள். இரு ஸ்லாட்கள் இல்லாத கைபேசிகளுக்கு இந்தக் கோப்பு தேவையில்லை. விக்கிப் பக்கமும் அதைக் குறிப்பிடாது.

10. இயங்குதளத்தை ஏற்றுதல்

அதே ‘அப்ளை ஃப்ரம் ஏடிபி’ வழியில் லினியேஜின் ஜிப்பை அனுப்புங்கள். கணினியில் எண்ணிக்கை 47% வரை சென்று நின்று, ‘கட்டளையைப் படிக்க இயலவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி வரலாம். புதியவர்களை மிகவும் கலங்கடிப்பது இதுவே. பதற்றத்தில் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள். ரெக்கவரி அந்தக் கோப்பைத் தனக்கு வேண்டிய பகுதிகளாகப் படிப்பதால் கணினியின் சதவீதக் கணக்கு பொருந்துவதில்லை. முடிவைக் கைபேசித் திரை சொல்லும்; அங்கே நிறுவல் முடிந்ததாகவும் பிழை நிலை 0 என்றும் வந்தால் வெற்றி.

கையொப்ப எச்சரிக்கை இங்கே வந்தால் பொருள் வேறு. அதிகாரபூர்வ லினியேஜ் ஜிப், லினியேஜ் ரெக்கவரியில் கையொப்பச் சோதனையில் தேற வேண்டும். தேறவில்லையெனில் கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது வேறிடத்திலிருந்து வந்திருக்கிறது. ‘ஆம்’ என்று அழுத்தித் தொடராமல், கோப்பை மீண்டும் பதிவிறக்கிச் சரிபாருங்கள்.

11. கூகுள் சேவைகள்: முதல் தொடக்கத்துக்கு முன் முடிவெடுத்தல்

இங்கே மூன்று வழிகள் உள்ளன. கூகுளின் ப்ளே ஸ்டோரும் சேவைகளும் முழுமையாக வேண்டுமென்றால், மைண்ட் த கேப்ஸ் தொகுப்பை ஏற்ற வேண்டும். அதன் ஆண்ட்ராய்டு பதிப்பு, லினியேஜின் பதிப்போடு பொருந்த வேண்டும்: லினியேஜ் 21க்கு ஆண்ட்ராய்டு 14, லினியேஜ் 22க்கு ஆண்ட்ராய்டு 15. ஒன்பிளஸ் 6க்கு ஆர்ம் 64 வகைத் தொகுப்பு.

இதைக் கட்டாயம் முதல் தொடக்கத்துக்கு முன்பே ஏற்ற வேண்டும். இயங்குதளம் முதன்முறை தொடங்கும்போதுதான் இயங்குதளத்தோடு வரும் செயலிகளுக்கான அனுமதிகள் வகுக்கப்படுகின்றன. ஒருமுறை தொடங்கிப் பார்த்துவிட்டுப் பிறகு ஏற்றினால், கூகுள் சேவைகள் ஓயாமல் நின்றுவிழும். அப்போது மீண்டும் தரவுப் பகுதியை வடிவமைத்துத் தொடங்குவதே வழி.

ஸ்லாட் உள்ள கைபேசியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பத்தாம் படி முடிந்தவுடன் ரெக்கவரியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டுத்தான் கூகுள் தொகுப்பை அனுப்ப வேண்டும். அப்போதுதான் ரெக்கவரி புதிய ஸ்லாட்டிலிருந்து தொடங்கும். இல்லாவிட்டால் தொகுப்பு பழைய ஸ்லாட்டில் ஏறி, புதிய இயங்குதளத்தில் காணப்படாமல் போகும். ரெக்கவரியே இதைக் கேட்கும்போது ‘யெஸ்’ என்று சொல்லுங்கள்.

இரண்டாவது வழி மைக்ரோ ஜி. இது கூகுள் சேவைகளின் ஒரு பகுதியைக் கட்டற்ற மென்பொருளாக மீளுருவாக்கியது. அறிவிப்புகளும் இருப்பிடமும் தேவைப்படும் பல செயலிகளுக்குப் போதும். 2024 முதல் அதிகாரபூர்வ லினியேஜே இதற்கு இடம் தருவதால், பிறகும் நிறுவிக்கொள்ளலாம். மூன்றாவது வழி, எதையும் ஏற்றாமல் விடுவது. கட்டற்ற செயலிகளை மட்டுமே பயன்படுத்தப்போகும் இரண்டாவது கைபேசியென்றால் நான் இதையே பரிந்துரைப்பேன்; மின்கலம் நீடிப்பதும் பின்னணிச் செயல்பாடு குறைவதும் கண்கூடாகத் தெரியும்.

12. முதல் தொடக்கமும் சோதனையும்

‘ரீபூட் சிஸ்டம்’ தந்து காத்திருங்கள். முதல் தொடக்கம் சில நிமிடங்கள் எடுக்கும்; கால் மணி நேரத்தைத் தாண்டினால் ஏதோ தவறு, பெரும்பாலும் ஒன்பதாம் படியில்.

தொடங்கியதும் படங்களையும் தொடர்புகளையும் ஏற்ற அவசரப்படாதீர்கள். வெறும் கைபேசியாக இருக்கும்போதே ஓர் அழைப்பு செய்து, ஓர் அழைப்பு பெற்று, குறுஞ்செய்தி, மொபைல் இணையம், ஜிபிஎஸ், இரு கேமராக்கள், புளூடூத் ஆகியவற்றைச் சோதியுங்கள். ஜியோ சிம் இருந்தால், அழைப்பின்போது திரையின் மேற்பகுதியில் 4ஜி நிலைத்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பிழை கண்டால் மறுபடி நிறுவுவதற்கு அரை மணி நேரம் போதும். எல்லாச் செயலிகளிலும் நுழைந்து முடித்தபிறகு கண்டால் ஒரு நாள் போய்விடும்.

உடனே வலுவான கடவு எண் ஒன்றை அமைத்துவிடுங்கள். திறந்த பூட்லோடர் உள்ள கைபேசி கைமாறினால், அதில் வேறு மென்பொருளை எழுத எவராலும் முடியும். உங்கள் தரவைக் காப்பது மறையாக்கமும் அந்தக் கடவு எண்ணும்தான்.

13. கட்டற்ற செயலிகளும் தமிழ்த் தட்டச்சும்

உலாவி வழியாக, கட்டற்ற செயலிகளுக்கான களஞ்சியமான எஃப்-டிராய்டின் ஏபிகே கோப்பைப் பதிவிறக்கி நிறுவுங்கள். இங்குள்ள செயலிகள் பெரும்பாலும் மூல நிரலிலிருந்து எஃப்-டிராய்டாலேயே தொகுக்கப்பட்டு, அதன் சாவியால் கையொப்பமிடப்படுகின்றன. எனவே ஒரே செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து நிறுவிவிட்டு, எஃப்-டிராய்டிலிருந்து புதுப்பிக்க முயன்றால் கையொப்பம் பொருந்தாமல் மறுக்கப்படும். ஒவ்வொரு செயலியையும் எங்கிருந்து பெறுவது என்பதை முதலிலேயே முடிவுசெய்து அதிலேயே தொடருங்கள்.

தொடங்குவதற்கு ஏற்றவை: இருபடிச் சரிபார்ப்புக்கு ஏஜிஸ், கடவுச்சொற்களுக்குக் கீபாஸ் டிஎக்ஸ், வரைபடத்துக்கு ஓஎஸ்எம் ஆண்ட், காணொளிக்கு விஎல்சி, வலையொலிக்கு ஆண்டெனாபாட். ஓஎஸ்எம் ஆண்டில் உங்கள் மாநிலத்தின் வரைபடத்தை வைஃபை உள்ள இடத்திலேயே இறக்கிக்கொண்டால் பயணத்தில் இணையம் தேவைப்படாது.

தமிழ் தட்டச்சுக்கு லினியேஜின் இயல்பான விசைப்பலகையிலேயே தமிழைச் சேர்க்கலாம். தமிழ்99 பழகியவர்களுக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் இண்டிக் கீபோர்டு பொருந்தும். ஹெலிபோர்டு இணைய அனுமதியே கேட்காத விசைப்பலகை. நாம் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் கடந்துசெல்லும் செயலி என்பதால் இது சிறிய செய்தியன்று. புதிய விசைப்பலகையை இயக்கும்போது ஆண்ட்ராய்டு தரும் எச்சரிக்கை எல்லா விசைப்பலகைகளுக்கும் பொதுவானது.

ரூட் அனுமதி (இயங்குதளத்தின் எல்லாப் பகுதிகளையும் மாற்றும் உரிமை) பெறுவது தனி வேலை; இந்த வழிகாட்டியில் சொன்ன எதற்கும் அது தேவையில்லை. முதல் சில மாதங்கள் அதைத் தொடாமல் இருங்கள்.

14. புதுப்பித்தலும், ஒருபோதும் செய்யக் கூடாததும்

அமைப்புகளில் உள்ள அப்டேட்டர், அதிகாரபூர்வக் கைபேசிகளுக்குப் பெரும்பாலும் வாரம் ஒருமுறை புதிய பதிப்பைக் காட்டும். ஒவ்வொரு வாரமும் ஏற்ற வேண்டியதில்லை. மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தத்தைத் தவறவிடாதிருந்தால் போதும். இவ்வகைப் புதுப்பிப்பில் தரவும் கூகுள் தொகுப்பும் அப்படியே தொடரும்.

21இலிருந்து 22க்கு என்பது போன்ற பெரும்பதிப்பு மாற்றத்தை அப்டேட்டர் செய்யாது. விக்கியில் அதற்கெனத் தனிப் பக்கம் உண்டு. புதிய ஜிப்பை ஏற்றியதும், தொடங்குவதற்கு முன்பாகவே புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்குரிய கூகுள் தொகுப்பையும் ஏற்ற வேண்டும்.

திறந்த பூட்லோடரைப் பாதுகாப்புக்காக மீண்டும் பூட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். லினியேஜ் நிறுவியிருக்கும்போது பூட்டாதீர்கள். பூட்டப்பட்ட பூட்லோடர், தயாரிப்பாளரின் கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டுமே தொடங்க விடும். லினியேஜில் அது இராது. கைபேசி தொடங்க மறுத்து நின்றுவிடும். மாற்று இயங்குதளத்தோடு பூட்டியும் வைக்க வேண்டும் என்பது உங்கள் முதன்மைத் தேவையென்றால், பிக்சல் கைபேசியில் கிராஃபீன் ஓஎஸ் நிறுவுங்கள். அதன் சொந்தச் சாவியைக் கைபேசியில் பதித்துப் பூட்டுவது அந்த நிறுவல் முறையின் ஒரு பகுதி.

15. சிக்கிக்கொண்டால்

சின்னம் சுழன்றுகொண்டே இருந்தால், ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் அழுத்தி ரெக்கவரிக்குச் சென்று ஒன்பதாம் படியிலிருந்து மீண்டும் செய்யுங்கள். ரெக்கவரியே வரவில்லையெனில் பூட்லோடர் நிலையிலிருந்து எட்டாம் படி. பூட்லோடர் திரை வரும்வரை கைபேசி மீட்கத்தக்க நிலையில்தான் இருக்கிறது.

சிம் அடையாளம் காணப்படவில்லையென்றால், எங்கோ கிடைத்த மோடம் கோப்புகளை எழுதாதீர்கள். பார்ட்டிஷன்களை அழிக்கும் ‘ஃபாஸ்ட்பூட் எரேஸ்’ கட்டளைகளையும் நம்பாதீர்கள். ஐஎம்இஐ எண்ணும் வானலை அளவீடுகளும் இருக்கும் பார்ட்டிஷன்கள் அந்தக் கைபேசிக்கே உரியவை. அழிந்தால் வேறு கைபேசியிலிருந்து நகலெடுக்க முடியாது. முன்பு குறித்து வைத்த எண்ணோடு *#06# தரும் எண்ணை ஒப்பிடுங்கள். எண் சரியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஃபர்ம்வேர் பதிப்பு. ஆறாம், ஒன்பதாம் படிகளைத் திரும்பப் பாருங்கள்.

திரை முழுவதும் இருண்டு, எந்தப் பொத்தானுக்கும் அசையாமல், கணினியில் மட்டும் குவால்காம் 9008 என்ற பெயரில் கைபேசி தெரிந்தால், அது சிப்செட்டின் அவசரப் பதிவிறக்க நிலை. அதிலிருந்து மீட்க அந்த மாடலுக்கென்றே அமைந்த கருவியும் முழுமையான பழைய மென்பொருள் தொகுப்பும் வேண்டும். அந்த நிலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகளை மாற்றி முயலாமல், கடைசியாக இயக்கிய கட்டளையையும் கணினி தந்த பதிலையும் வரி பிசகாமல் நகலெடுத்துக்கொண்டு, அதே மாடலை மீட்டெடுத்த அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.